மாசிலாமணி மாட்டிய நாலு டயர்

சிங்கப்பூரின் மார்சிலிங்கில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஏழரைக்கு ஒரு கணவனும் மனைவியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரே லிஃப்டில் இறங்குவார்கள். கீழே வந்ததும் மனைவி இடப்பக்கம் திரும்பி எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடப்பாள். கணவர் வலப்பக்கம் திரும்பி கார் நிறுத்துமிடத்துக்குப் போவார். இருவரும் போவது ஒரே இடத்துக்குத்தான், தேக்கா சந்தைக்கு. சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். லிஃப்டில்கூட முருங்கைக்காய் வாங்குவதா வாழைப்பூ வாங்குவதா என்று பேசிக்கொண்டுதான் வருவார்கள்.

சந்தையில் சேர்ந்தே சுற்றுவார்கள், சேர்ந்தே பேரம் பேசுவார்கள். திரும்பும்போதுதான் சாமான்கள் பிரியும். தேங்காய், உருளைக்கிழங்கு, வெங்காயம், அரிசி எல்லாம் காரில். கீரையும் மீனும் மங்களமும் ரயிலில். மங்களத்தின் தேங்காய் காரில் ஏறும், மங்களம் ஏறமாட்டாள். இது இரண்டு வருடமாக நடக்கிறது.

இதில் மாசிலாமணிக்குப் பொறுக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. நியூட்டனில் ரயில் மாறி வருகிற மங்களம் எப்போதும் அவருக்கு முன்பே தேக்கா வந்துவிடுவாள். வந்தவள் நேரே சந்தைக்குள் போகவேண்டியதுதானே? போகமாட்டாள். கார் நிறுத்துமிட வாசலிலேயே காலிப் பையோடு நிற்பாள். அவர் உள்ளே நுழையும்போது பார்த்துவிட்டு, "இவ்ளோ நேரமா?" என்பாள். தன்னை மட்டம் தட்டுவதற்காகவே அவள் அங்கே நிற்கிறாள் என்பது மாசிலாமணியின் உறுதியான எண்ணம்.

இந்தப் பிரிவினைக்குக் காரணம் ஒரு சொம்புப் பால். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிரதோஷத்தன்று கேலாங் சிவன் கோயிலுக்கு இருவரும் காரில் கிளம்பினார்கள். மங்களத்தின் மடியில் அபிஷேகத்துக்கான பால். அவள் உட்கார்ந்திருந்த இருக்கையை அதற்கு முந்தின வாரம்தான் மாசிலாமணி கழற்றி, எண்ணெய் போட்டு, மறுபடி மாட்டியிருந்தார். மண்டாய் தாண்டியதும் இருக்கையின் முதுகு 'கடக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்தது. மங்களமும் சாய்ந்தாள். சொம்பும் சாய்ந்தது. சிவனுக்கு நடக்கவேண்டிய அபிஷேகம் மங்களத்துக்கு நடந்துவிட்டது.

நெடுஞ்சாலையில் நிறுத்த முடியாது. பட்டுப்புடவையில் பால் வழிய, மல்லாந்த நிலையிலேயே காரின் கூரையைப் பார்த்துக்கொண்டு கேலாங்வரை வந்தாள் மங்களம். திட்டியிருந்தால் மாசிலாமணிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கோயில் குழாயில் புடவையை அலசிக்கொண்டே, "அந்த நட்ட யாரு முடுக்கினது?" என்று மட்டும் கேட்டாள்.

"நான்தான்."

"சரி" என்றாள். அன்று மாலை எம்ஆர்டியில் வீடு திரும்பினாள்.

மாசிலாமணியையும் கொஞ்சம் புரிந்துகொள்ளவேண்டும். துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் முப்பத்து மூன்று வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். ஒரு சின்ன ஜன்னல், அதற்குப் பின்னால் அவர். ஃபிட்டர்கள் வந்து சீட்டை நீட்டுவார்கள். போல்ட், வாஷர், ஸ்பானர், கேஸ்கெட் என்று கேட்டதை எடுத்துக் கொடுப்பார். அவர்கள் போய் மாட்டுவார்கள், கப்பல் ஓடும். எந்த நட்டு எந்த அளவு என்பது கண்ணை மூடிக்கொண்டு தெரியும். ஆனால் ஒரு நட்டைக்கூட அவர் முடுக்கியதில்லை; யாரும் அவரை முடுக்க விட்டதில்லை. ஓய்வு பெற்ற மறுநாளே ஜாலான் புசார் இரும்புக்கடையில் ஒரு முழு ஸ்பானர் பெட்டி வாங்கிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சாமானுக்கும் நிம்மதி இல்லை.

சோறு வடிக்கும் குக்கர் அவர் கைக்குப் போய் வந்தபிறகு, அரிசி வெந்ததும் அணையாமல் வேறு ஏதோ யோசனையில் இருக்கும். குளியலறைக் குழாயைத் திறந்தால் சமையலறையில் சொட்டும். இதையெல்லாம் மங்களம் பொறுத்துக்கொண்டாள். பால் விஷயத்தை மட்டும் பொறுக்கவில்லை. ஒருமுறை அவர் கெஞ்சாத குறையாகக் கேட்டபோது சொன்னாள்: "அந்தக் காருல நீங்க கை வெக்காத எடம் ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க. அங்க ஒக்காந்துக்கறேன்."

மாசிலாமணி இரண்டு நாள் யோசித்தார். அப்படி ஓர் இடம் இல்லை.

இந்த நிலையில்தான் டயர்கள் தேய்ந்தன. பக்கத்து வீட்டு நூருல் அமீன், முப்பது வருடம் டாக்சி ஓட்டி ஓய்ந்தவர், டயரைக் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, "அண்ணே, இது வழுக்கையாயிடுச்சு லா. கடையில போயி மாத்திருங்க. அர மணி நேர வேல" என்றார். கடை என்ற சொல்லே மாசிலாமணிக்கு ஆகாது. கேலாங்கில் ஒருவர் புது டயர் நாலு வாங்கி வைத்துவிட்டு, மாட்டுவதற்குள் காரையே விற்றுவிட்டாராம். அந்த நாலையும் மாசிலாமணி பிடித்துவிட்டார். வெறும் டயர், ரிம் இல்லாதது. அதை ரிம்மில் ஏற்றி மாட்டுவது தன் வேலை என்று முடிவு செய்தார்.

அவர் போட்ட கணக்கு இதுதான். நாலு டயரையும் வீட்டிலேயே, தன் கையாலேயே, ஒரு குறையும் சொல்லமுடியாதபடி மாட்டவேண்டும். கார் வெண்ணெய்போல ஓடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை மங்களம் இடப்பக்கம் திரும்புவதற்குமுன் முன்கதவைத் திறந்துபிடித்து, "ஏறு" என்று சொல்லவேண்டும். அவள் ஏறவேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவும். மனைவி காரில் ஏற மறுப்பதே இவர் கைவைப்பதால்தான். அதற்கு இவர் கண்டுபிடித்த மருந்து, இன்னும் நாலு இடத்தில் கைவைப்பது.

வியாழக்கிழமை டயர்கள் வந்தன. ஹாலில் சாமி அலமாரிக்கு எதிர்ச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்தார். வீடு முழுக்க ரப்பர் வாடை. மங்களம் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இத எவன் மாட்டப்போறான்?" என்றாள்.

"ஏன், நான்தான்."

"அப்ப சரி" என்றாள். அவள் 'சரி' என்றால் எதுவும் சரியில்லை என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை மாசிலாமணி ஜாலான் புசாருக்குப் போய் டயர் நெம்பும் இரும்புக் கம்பிகள் மூன்றும் பெரிய கிளாம்ப் ஒன்றும் வாங்கிக்கொண்டு மத்தியானம் திரும்பினார். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து வீடு கற்பூரமும் மஞ்சளுமாக மணத்தது. ரப்பர் வாடைகூட கொஞ்சம் அடங்கியிருந்தது. மங்களம் முறத்தை வைத்துக்கொண்டு பருப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். மாசிலாமணி உட்கார்ந்து வீடியோ பார்த்தார். குளிர் தேசம் ஒன்றில் தன் கராஜில் நின்று ஒரு தாடிக்காரர் டயர் மாட்டிக் காட்டினார். பன்னிரண்டு முறை பார்த்தார். அதில் அவர் மனதில் ஆணி அடித்ததுபோல் பதிந்தது ஒரு விஷயம்: புது டயரில் கம்பெனிக்காரர்களே ஒரு மஞ்சள் புள்ளி வைத்திருப்பார்கள். டயரின் எடை குறைந்த இடம் அது. ரிம்மில் காற்றடிக்கும் வால்வு இருக்கிறதே, அது எடை கூடின இடம். புள்ளியை வால்வுக்கு நேராக வைத்து மாட்டினால் எடை சமமாகும், சக்கரம் ஆடாமல் சுற்றும்.

"பாத்தியா மங்களம், இதெல்லாம் கடையில எவன் பாக்குறான்? அவசரத்துல அப்பிடியே மாட்டி விட்டுருவானுங்க" என்றார். மங்களம் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

சனிக்கிழமை பிரதோஷம். பூக்கட்ட ஆள் வேண்டுமென்று மங்களம் மத்தியானமே கோயிலுக்குப் போய்விட்டாள். மாசிலாமணிக்கு வேண்டியதும் அதுதான். முதல் சக்கரத்தைக் கழற்றி, அந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டிவிட்டு, கழற்றியதை மங்களத்தின் காய்கறித் தள்ளுவண்டியில் வைத்து லிஃப்டில் ஏற்றினார். லிஃப்டில் இருந்த சீனக் கிழவி தள்ளுவண்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாசிலாமணி கீரை வாங்கி வருகிறவர்போல முகத்தை வைத்துக்கொண்டார்.

ஹாலில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து வேலை தொடங்கியது. காற்றை இறக்கினார். பழைய டயரின் விளிம்பு ரிம்மோடு ஒட்டிக்கொண்டு, தாய்வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்கிற மணப்பெண்ணாக அடம்பிடித்தது. கிளாம்பை வைத்து முடுக்கு முடுக்கென்று முடுக்கினார். அரை மணி நேரத்தில் முடிகிற வேலை என்று அமீன் சொன்னது நாலு டயருக்கு. இவருக்கு ஒரு பக்க விளிம்பு விடுபடவே முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு கம்பியால் நெம்பி நெம்பி, வேர்த்து விறுவிறுத்து, ஒருவழியாகப் பழைய டயரை உரித்தெடுத்தார்.

புது டயரைச் சுவரிலிருந்து எடுத்தார். உச்சியிலேயே மஞ்சள் புள்ளி பளிச்சென்று தெரிந்தது. "ஆகா" என்றார். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து விளிம்பு முழுக்கத் தடவினார். புள்ளியை வால்வுக்கு நேரே வைத்து, டயர்மேல் ஏறி மண்டியிட்டு, எதிர்ப்பக்கத்தைக் கம்பியால் நெம்பினார். ஒரு பக்கம் உள்ளே போனால் மறுபக்கம் வெளியே வந்தது. நாக்குத் தள்ளிவிட்டது. கடைசியில் சோப்பின் தயவால் வழுக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தது.

காற்றடிப்பதில்தான் இன்னொரு சங்கடம். டயர் ரிம்மில் இறுக்கமாகப் படியாததால் அடித்த காற்றெல்லாம் இடுக்கு வழியே வெளியே போனது. திருப்பதி போய்வந்த சூட்கேஸ் பெல்ட்டுகள் இரண்டை எடுத்து டயரைச் சுற்றி இறுக்கக் கட்டி மறுபடி அடித்தார். காற்றடிக்கும் மெஷின் முக்கியது, முனகியது. திடீரென்று 'டமார்' என்றது. ஒரு நொடி விட்டு இன்னொரு 'டமார்'. விளிம்புகள் இரண்டும் ரிம்மில் போய் உட்கார்ந்த சத்தம் அது.

நூருல் அமீன் கைலியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "அண்ணே! கேஸா வெடிச்சிச்சு?"

"டயர் ஒக்காந்துச்சு அமீன்."

"ஒக்காந்ததுக்கே இந்தச் சத்தமா? அப்ப எந்திரிச்சா?"

இப்படியே மொத்தம் எட்டு டமார். ஒவ்வொன்றுக்கும் மேல்மாடியில் ஒரு நாய் பதில் சொன்னது. இடுப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நிலையில் மாலை ஆறரைக்கு நாலாவது சக்கரத்தையும் காரில் மாட்டி முடித்தபோது, மாசிலாமணி அந்தக் கார் நிறுத்துமிடத்திலேயே மிகச் சந்தோஷமான மனிதர். முன்னிருக்கையின் உறையைக்கூடத் துவைத்துப் போட்டார். நாளைக் காலை நேரே "ஏறு" என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தவருக்கு ஒரு சின்னப் பயம் வந்தது. முதலில் தனியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம், அடுத்த ஞாயிறு கூப்பிடலாம் என்று தள்ளிப்போட்டார். அவர் ஓய்வுக்காலத்தில் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது.

ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலையில் எழுபதுவரை கார் வெண்ணெயாகத்தான் போனது. எண்பதைத் தொட்டதும் ஸ்டீயரிங் குளிர்ஜுரம் வந்ததுபோல நடுங்கத் தொடங்கியது. கூடவே மாசிலாமணியின் கன்னம், மூக்குக்கண்ணாடி, முன்னால் தொங்கிய பிள்ளையார் எல்லாரும் நடுங்கினார்கள். அறுபதுக்கு இறங்கினார். லாரிகளெல்லாம் ஹாரன் அடித்துவிட்டு முந்தின. தேக்கா வந்தபோது மங்களம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அன்று அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. "இன்னைக்கி ஏன் இவ்ளோ நேரம்?" என்றாள்.

"ஜாம்."

"ஞாயித்துக்கெழம காலையிலயா?"

மாசிலாமணி வாழைப்பூவின் விலையைக் கேட்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை அமீனை ஏற்றிக்கொண்டு ஓட்டிக் காட்டினார். எண்பது வந்ததும் அமீன் கண்ணை மூடிக்கொண்டு, இத்தனை வருட அனுபவத்தில் சொன்னார்: "டயர் சரியா ஒக்காரல லா அண்ணே. எடை ஒரு பக்கமா இருக்கு. கடையில மெஷின்ல போட்டுப் பாத்தா தெரிஞ்சிரும்."

"புள்ளிய வால்வுக்கு நேரா வெச்சித்தான் மாட்டுனேன். என் கண்ணால பாத்தேன்."

"அப்ப புள்ளி பொய் சொல்லுது" என்றார் அமீன்.

செவ்வாய் முழுக்க மழை. புதன்கிழமை வெயில் வந்ததும் மாசிலாமணி கீழே போய்க் குனிந்து பார்த்தார். வால்வுக்கு நேரே இருந்த மஞ்சள் புள்ளியைக் காணோம். அது வால்வுக்கு எதிர்ப்பக்கம், கீழே இருந்தது! இரண்டாவது சக்கரத்தில் கால்வாசி சுற்று தள்ளியிருந்தது. மூன்றாவதிலும் எங்கேயோ இருந்தது. நாலாவதில் மட்டும் புள்ளி நல்ல பிள்ளையாக வால்வுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அவருக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. அதாவது, தப்பாக விளங்கியது. சோப்பு! சோப்பை அதிகமாகப் போட்டுவிட்டோம். உள்ளே இன்னும் ஈரம் காயவில்லை. ரிம் ஒரு பக்கம் சுற்ற, டயர் வழுக்கிக்கொண்டு தனியாகச் சுற்றுகிறது. இப்படி ஒரு காரிலா மங்களத்தை ஏறச் சொல்ல இருந்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டார். இருக்கை சாய்ந்தால் பால்தான் கொட்டும். டயர் கழன்றால்?

ஆனாலும் ஸ்டோர்கீப்பர் ஸ்டோர்கீப்பர்தான். சோதித்துப் பார்க்காமல் விடமாட்டார். சாக்பீஸ் எடுத்து நாலு சக்கரத்திலும் டயரையும் ரிம்மையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தார். வழுக்கினால் கோடு உடையும். வியாழக்கிழமை உட்லண்ட்ஸ்வரை மெதுவாக ஓட்டிவிட்டு வந்து பார்த்தார். கோடு உடையவில்லை. இம்மிகூட நகரவில்லை. ஆக டயர் வழுக்கவில்லை, புள்ளி மட்டும் நடமாடுகிறது. அன்று இரவு சோறு இறங்கவில்லை. "ஒடம்பு சரியில்லையா?" என்று மங்களம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு, சாக்பீஸோடு கீழே இறங்கினார். முதல் சக்கரத்தைப் பார்த்தார். எதிர்ப்பக்கத்துப் புள்ளி அங்கேயே இருந்தது. அதுவும் போதாதென்று டயரின் உச்சியில் இன்னொரு மஞ்சள் புள்ளி! பளபளவென்று, ஈரமாக. "குட்டி போட்டிருச்சா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். பின் சக்கரத்துக்குப் போனார். அங்கேயும் இரண்டு. காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார்.

அங்கே நாலாவது சக்கரத்தின் முன்னால் மங்களம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். இடக்கையில் மஞ்சள் குழைத்த சின்னக் கிண்ணம். வலக்கை மோதிரவிரல் நுனியில் மஞ்சள். கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்துவிட்டு, டயரில் ஒரு பொட்டு வைத்தாள். கண்ணைத் திறந்தால் எதிரே சாக்பீஸோடு கணவர்.

"என்ன இது?" என்றார் மாசிலாமணி.

"வெள்ளிக்கெழம" என்றாள் மங்களம், அது போதும் என்பதுபோல.

"போன வெள்ளிக்கெழமையும் வெச்சியா? டயரு வீட்டுல சாஞ்சிருந்தப்ப?"

"புதுசாச்சே, வெக்காம விடுவாங்களா? நீங்க சாமான் வாங்கப் போயிருந்தீங்க. நாலுக்கும் தலையில ஒன்னு வெச்சேன். குங்குமம் வெச்சா உங்களுக்குத் தெரிஞ்சிரும், சிரிப்பீங்க. அதான் வெறும் மஞ்சளோட விட்டுட்டேன்."

மாசிலாமணிக்கு எல்லாம் விளங்கியது. இந்தமுறை சரியாகவே விளங்கியது. அவர் வால்வுக்கு நேராக வைத்தது கம்பெனியின் புள்ளியை அல்ல, மங்களத்தின் பொட்டை. கம்பெனிப் புள்ளி டயருக்கு டயர் வேறு வேறு இடத்தில் கிடந்தது. உச்சியில் ஒன்று கண்ணில் பட்டபிறகு கீழே குனிந்து இன்னொன்றைத் தேட அவருக்கு என்ன பைத்தியமா? செவ்வாய்க்கிழமை மழை மங்களத்துடையதைக் கழுவிவிட்டது, கம்பெனியுடையது மிஞ்சியது.

அவருக்கு வந்த முதல் உணர்ச்சி, சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லவேண்டும், கொண்டாட்டம்தான். "என் தப்பு இல்ல!" என்று கத்தினார். இரண்டு கார் தள்ளி வண்டி எடுக்க வந்தவர் திரும்பிப் பார்த்தார். "மங்களம், என் கையில ஒரு தப்பும் இல்ல! நான் சரியாத்தான் மாட்டுனேன்! உன் பொட்டுதான் காரை ஆட்டுது! எண்பதுல போனா ஸ்டீயரிங் கிடுகிடுன்னு ஆடுது, எல்லாம் உன்னாலதான்!"

மங்களம் எழுந்து நின்றாள். கிண்ணத்தைப் பார்த்தாள். "ஆடுதா?" என்றாள். "நீங்க அதுலயா போன ஞாயிறு வந்தீங்க? என் மஞ்சளாலயா?" அவள் முகம் சுருங்கிப் போய்விட்டது. வென்றுவிட்ட சந்தோஷம் மாசிலாமணிக்கு அந்த இடத்திலேயே செத்தது. பேசியிருக்கக்கூடாது என்று தோன்றியது.

சமாளிக்க வேண்டும் என்பதற்காக, "இது எத்தன நாளா நடக்குது?" என்று கேட்டார்.

"பால் கொட்டுனதுலேர்ந்து."

"ரெண்டு வருஷமாவா?"

"உங்க காருல ஏறமாட்டேன்னுதான் சொன்னேன். நீங்க நல்லபடியா வந்து சேரக்கூடாதுன்னா சொன்னேன்?" என்றாள். "நீங்க ஒத்தையில ஓட்டிட்டு வர்றீங்க. எந்த நட்டு எப்ப கழலும்னு யாருக்குத் தெரியும்? ரயில்ல ஒக்காந்தாலும் எனக்கு நெனப்பெல்லாம் உங்க காருலதான். கார் உள்ள நொழையறத பாத்தப்பறம்தான் சந்தைக்குள்ள கால் வெப்பேன்."

தேக்கா வாசலில் காலிப் பையோடு அவள் நின்ற அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் மாசிலாமணிக்கு நினைவுக்கு வந்தன. அவர் அழுகிற ரகம் இல்லை. அதனால் சாக்பீஸைப் பையில் போட்டு, வெளியே எடுத்து, மறுபடி பையில் போட்டார்.

"நாளைக்கு எல்லாத்தையும் கழட்டி மறுபடி மாட்டணும்" என்றார் கடைசியில். "எது உன்னோட புள்ளி, எது கம்பெனிதுன்னு எனக்குத் தெரியல. நீதான் பாத்துச் சொல்லணும்."

மங்களம் குனிந்தாள். உச்சியில் இருந்ததை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள். "இது நம்ம வீட்டுது." கீழே இருந்ததைச் சுரண்டினாள், முகர்ந்தாள், உதட்டைப் பிதுக்கினாள். "இதுல ஒரு வாசமும் இல்ல. கம்பெனிது."

சனிக்கிழமை வீட்டில் அந்த வேலை மறுபடி நடந்தது. இந்தமுறை மங்களம் எங்கும் போகவில்லை. மடித்த போர்வையை ஒரு பழைய டயர்மேல் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டதுபோல ஒவ்வொன்றையும் பார்த்தாள். மாசிலாமணி நட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே தட்டில் அடுக்கிவைப்பதைப் பார்த்தாள். ரிம்மின் விளிம்பை விரலால் தடவித் தடவித் துரு பார்ப்பதைப் பார்த்தாள். ஒரு மணல் துகளுக்காக அவர் முழுவதையும் மறுபடி துடைத்தபோது, "அது போதும்ங்க" என்றாள். அவர் கேட்கவில்லை. "இப்பிடித்தான் எல்லாத்தையும் செய்வீங்களா?" என்று கேட்டாள்.

"பின்ன எப்பிடி?"

"நான் ஏதோ டக்கு டக்குனு மாட்டி விட்டுருவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பறம் ஏன் சீட்டு விழுந்துச்சு?" என்றாள்.

"அது... ஒரு நட்டு மிஞ்சிச்சு. எக்ஸ்ட்ரான்னு நெனச்சேன்."

மங்களம் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். இரண்டு வருடமாகச் சேர்த்துவைத்த சிரிப்பு அது. நிறுத்த முடியாமல் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். முதல் 'டமார்' வந்தபோது அவள் துள்ளி விழுந்ததில் போர்வை ஒருபக்கம், டயர் ஒருபக்கம். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அமீனின் குரல் கேட்டது: "ஒக்காந்துச்சா அண்ணே?"

"ஒக்காந்துச்சு!" என்று மங்களம் கத்தினாள்.

அத்தோடு அவள் ஒரு நிபந்தனை போட்டாள். சக்கரங்களைக் கடையில் ஒருமுறை மெஷினில் போட்டுப் பார்க்கவேண்டும். மாசிலாமணி வாயைத் திறந்தார், மூடினார், சரி என்றார். மாலையில் அமீனுக்குத் தெரிந்த கடைக்குப் போனார்கள். அவர் காரில், மங்களம் பஸ்ஸில். கடைக்காரர் ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றவிட்டுப் பார்த்துவிட்டு, விரல்நக அளவு எடைக்கட்டி இரண்டு ஒட்டினார். எந்தக் கடையில் மாட்டியது, நன்றாக மாட்டியிருக்கிறார்கள் என்றார். மாசிலாமணி மங்களத்தைப் பார்த்தார். மங்களம் கடைக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு லிஃப்ட் இறங்கியது. மாசிலாமணி ஒத்திகை பார்த்துவைத்த "ஏறு" தொண்டையை விட்டு வெளியே வரவில்லை. மங்களம் இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். பிறகு அவருக்கு முன்னால் நடந்து, கார்க் கதவைத் தானே திறந்து உட்கார்ந்தாள். இருக்கையின் முதுகைக் கையால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துக்கொண்டாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள். கைப்பையைத் திறந்து எம்ஆர்டி கார்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அது எதுக்கு?"

"இருக்கட்டும்" என்றாள்.

கார் கிளம்பியது. அறுபது, எழுபது. மங்களம் கார்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். எண்பது. ஸ்டீயரிங் அசையவில்லை, பிள்ளையார் அசையவில்லை. மாசிலாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். தேக்கா வாசலில் அவளை எதிர்பார்த்து இடப்பக்கம் திரும்பிய அவர் கண், அங்கே யாரும் இல்லாததைக் கண்டு ஒரு கணம் திடுக்கிட்டது. பிறகுதான் அவள் பக்கத்தில் இருப்பது நினைவுக்கு வந்தது.

ஆனால் மாசிலாமணியின் மனம் முழுதாகக் குளிரவில்லை. வந்தது பெரிதல்ல, திரும்ப வருவாளா என்பதுதான் கேள்வி. அந்தக் கார்டை அவள் சந்தையிலும் கையை விட்டு வைக்கவில்லை. வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கும்போதும் கார்டு விரலிடுக்கில்தான் இருந்தது. வாழைப்பூ வாங்கினார்கள், கீரை வாங்கினார்கள், வஞ்சிர மீனும் தேங்காயும் வாங்கினார்கள். பைகள் நிறைந்தன. வழக்கமாகப் பிரிகிற முனைக்கு வந்தார்கள். நேரே போனால் எம்ஆர்டி, திரும்பினால் கார்.

மாசிலாமணி பழக்க தோஷத்தில் தேங்காய்ப் பைக்குக் கையை நீட்டினார். மங்களம் கொடுக்கவில்லை. கார்டை நீட்டினாள்.

"இத உங்க சட்டப்பையில வைங்க" என்றாள். "மீன் கையோட புடிச்சி நாறுது."

கீரையும் மீனும் தேங்காயுமாக அவள் காரைப் பார்த்து நடந்தாள்.